வரவும் செலவும்: சமூக ஊடகம் பற்றித் திருமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலை, உப்புவெளி, கிண்ணியா, மூதூர், குச்சவெளி என்று திருகோணமலை மாவட்டத்தின் எந்தப் பக்கம் போனாலும் கேட்கப்படும் கேள்விகள் இவை. போனில் ஆங்கிலத்தில் தெரியும் செட்டிங்ஸ் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். செயலி புதுப்பிக்கப்படும்போது பட்டன் இருக்கும் இடம் மாறலாம். பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் அகப்படும்.

பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் இலவசம்தானே, பிறகென்ன செலவு?

முதலாவது டேட்டா. வட்ஸ்அப் குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஒரு எம்.பி.கூடத் தேவைப்படாது. காணொளி அழைப்புக்கு அதைப்போலப் பல மடங்கு போகும். யூடியூப்பை 480 தரத்தில் பார்த்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரை ஜி.பி., 1080 இல் ஒன்றரை ஜி.பி.க்கு மேல். டிக்டொக்கிலும் ரீல்ஸிலும் தரத்தைச் செயலியே தீர்மானிக்கிறது. டேட்டா சேவர் போடாதவரின் நாள் பக்கேஜ் மத்தியானத்தோடு முடிந்துவிடுவது அதனால்தான். வட்ஸ்அப் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் நீங்கள் தொடாமலே இறங்குகின்றன. செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மீடியா ஓட்டோ டவுன்லோட் என்று போய், மொபைல் டேட்டாவுக்கு உரிய எல்லாச் சரியடையாளங்களையும் எடுத்துவிடுங்கள். போனின் இடமும் மிஞ்சும்.

இரண்டாவது நேரம். 2018 இல் அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன் ஸ்டான்போர்ட், நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு தொகுதி ஆட்களுக்குக் காசு கொடுத்து நான்கு வாரம் பேஸ்புக்கை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணித்தியாலம் மிஞ்சியது. மனநிலை சற்றே தேறியது, அரசியல் எதிரெதிர் நிலையும் தணிந்தது. ஆனால் நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. கிடைப்பதும் போவதும் ஒரே பரிசோதனையில் தெரிந்ததால் இதைக் குறிப்பிடுகிறோம்.

மூன்றாவது, உங்களைப் பற்றிய விபரம். உங்களுக்கு இலவசமாக இருப்பதற்கு விளம்பரதாரர் காசு கட்டுகிறார். எதைப் பார்த்தீர்கள், எதில் எத்தனை விநாடி நின்றீர்கள் என்பதை வைத்தே உங்களுக்கு எந்த விளம்பரம் என்று முடிவாகிறது. கடைசியாக நிம்மதி. அதற்கு எண்ணிக்கை கிடையாது என்பதால் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

அப்படியானால் உண்மையான பலன் எது?

வேலைக்கான தகவல் நெருங்கிய நண்பரிடமிருந்து வருவதைவிட அரைகுறையாகத் தெரிந்தவரிடமிருந்தே அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973 இலேயே எழுதினார். நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததுதானே. லிங்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்துச் செய்து 2022 இல் வெளியான ஆய்வும் இதை ஏறத்தாழ உறுதிப்படுத்தியது: மிக நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத தொடர்புகளே புது வேலைக்கு அதிகம் கைகொடுத்தன.

எங்கள் ஊருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். யுத்தமும் இடப்பெயர்வும் ஒரே வகுப்பில் படித்தவர்களைக் கொழும்பு, டொரொண்டோ, லண்டன், சூரிச் என்று கலைத்துப் போட்டன. பழைய மாணவர் குழு ஒன்று இருந்தால் பல்கலைக்கழக அனுமதி, கொழும்பில் தங்குமிடம், ஒரு மருந்து எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் ஒரு குரல் பதிவோடு முடிந்துவிடுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், பலன் பெயரும் முகமும் தெரிந்த ஆட்களிடமிருந்து வருகிறது. இழப்பு முடிவே இல்லாமல் ஓடும் திரையிலிருந்தும் முன்பின் தெரியாதவர்களிடமிருந்தும் வருகிறது. கீழே வருபவற்றில் பெரும்பகுதி, முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை எப்படி அடைப்பது என்பதைப் பற்றியதே.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளோடு கதைக்க எந்த நேரம் தோது?

இங்கே இரவு 7 மணி என்றால், கோடையில் டொரொண்டோவில் காலை 9.30, லண்டனில் பிற்பகல் 2.30, சுவிஸில் 3.30. குளிர்காலத்தில் மூன்றிலும் ஒரு மணித்தியாலம் முந்தி. கனடா மார்ச் இரண்டாம் ஞாயிறு நேரம் மாற்றுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. அந்த இடைவெளியில்தான் “சொன்ன நேரத்துக்கு எடுக்கேல்லை” என்ற மனஸ்தாபம் வரும்.

வட்ஸ்அப்பைப் பறிகொடுப்பது எப்படி நடக்கிறது? மீட்பது எப்படி?

தெரிந்தவரின் எண்ணிலிருந்தே செய்தி வரும்: “அக்கா, தவறுதலா உங்கட நம்பருக்கு ஒரு கோட் அனுப்பிட்டன், ஒருக்கா அதைச் சொல்லுங்கோ.” அந்த ஆறு இலக்கம் உங்கள் கணக்கின் திறப்பு. கொடுத்த கணமே உங்கள் வட்ஸ்அப் அவருடைய போனில் திறக்கும். பிறகு உங்கள் பெயரில் உங்கள் உறவினருக்கெல்லாம் “அவசரம், காசு போட முடியுமா, நாளைக்குத் தாறன்” என்று போகும். கேட்டவர் உங்கள் தம்பியோ சித்தியோ அல்ல. அவர்களுடைய கணக்கு ஏற்கெனவே பறிபோய்விட்டது.

பறிபோய்விட்டால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள். உங்கள் சிம் உள்ள போனில் வட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் எண்ணை மீண்டும் பதியுங்கள். எஸ்.எம்.எஸ். மூலம் புதிய கோட் வரும். அதை இட்டவுடன் மற்றவர் வெளியேற்றப்படுவார். அதற்குப் பிறகும் ஒரு பின் இலக்கம் கேட்டு, அதை நீங்கள் வைக்கவில்லை என்றால், திருடன் வைத்திருக்கிறான் என்று அர்த்தம். ஏழு நாள் காத்திருந்தால் பின் இல்லாமல் உள்ளே போகலாம். அந்த ஏழு நாளும் அவனாலும் உள்ளே இருக்க முடியாது, ஆகவே பதற வேண்டாம். திரும்பத் திரும்பக் கோட் கேட்பதுதான் எல்லோரும் விடும் பிழை: கூடக் கேட்டால் செயலி மணிக்கணக்கில் பூட்டிவிடும்.

உள்ளே வந்ததும் லிங்ட் டிவைசஸ் பகுதியைத் திறந்து, அறியாத கணினி ஏதும் இருந்தால் லொக் அவுட் செய்யுங்கள். பிறகு செட்டிங்ஸ், எக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். ஆறு இலக்க பின் ஒன்றை வைத்து, மின்னஞ்சலும் கொடுங்கள். மின்னஞ்சல் கொடுக்காமல் பின்னை மறந்தால் மறுபடியும் ஏழு நாள் காவல். பிறந்த ஆண்டை இரண்டு தரம் எழுதி பின் ஆக்க வேண்டாம். இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் வேறொருவர் உறவினர்களை அழைத்து, குரலால் சொல்லி எச்சரிக்க வேண்டும். அந்த நேரம் எழுத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. “இந்த இலக்கத்தை டயல் பண்ணுங்கோ” என்று நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஒன்றைச் சொல்வார்கள். அது உங்கள் அழைப்புகளை அவர்கள் எண்ணுக்குத் திருப்பும். வட்ஸ்அப் கோட் இலக்கத்தைக் குரல் அழைப்பாகப் பெற்றுக்கொள்வார்கள். டயல் செய்துவிட்டால் ##002# அழுத்துங்கள், எல்லாத் திருப்பமும் நீங்கும்.

பழைய சிம்மைக் கைவிடும்போது, அதற்கு முன் வட்ஸ்அப்பில் சேஞ்ச் நம்பர் செய்யுங்கள். விட்ட எண் பிறகு இன்னொருவருக்கு விற்கப்படும்.

பேஸ்புக்கில் என்னென்ன பூட்ட வேண்டும்?

நண்பர் பட்டியல்தான் முதலில். போலிக் கணக்கு தொடங்குபவன் உங்கள் படத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு ரிக்வெஸ்ட் அனுப்புகிறான். பட்டியல் தெரியாவிட்டால் அவன் தொழில் பாதி படுத்துவிடும். அதை ஒன்லி மீ ஆக்குங்கள். அடுத்து தொலைபேசி எண், மின்னஞ்சல், பிறந்த ஆண்டு, மூன்றையும் மறையுங்கள். லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ் என்ற ஒரே பட்டன் பழைய பொதுப் பதிவுகளையெல்லாம் நண்பர்களுக்கு மட்டும் ஆக்கும். உங்களை டேக் செய்யும் பதிவுகளுக்கு ரிவியூவைப் போட்டுவிட்டால், யாரோ கோத்துவிடும் படம் உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் பக்கத்தில் ஏறாது.

உங்கள் பெயரில் போலிக் கணக்கு வந்துவிட்டால், அந்தப் பக்கத்தின் மூன்று புள்ளியை அழுத்தி ரிப்போர்ட் செய்யுங்கள். காரணமாக ஆள்மாறாட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள். “எல்லாரும் ரிப்போர்ட் பண்ணுங்கோ” என்று நூறு பேருக்கு அனுப்புவதைவிட, பாதிக்கப்பட்டவரே சொந்தக் கணக்கிலிருந்து முறையிடுவதே பலன் தருவது. அதற்கு முன் அந்தப் பக்கத்தின் இணைப்பைப் பிரதி செய்து வையுங்கள். அவன் பெயரை மாற்றினாலும் கணக்கைக் கண்டுபிடிக்கலாம்.

மகளின் சாமத்திய வீட்டை நேரலையில் காட்டச் சொல்லி வெளிநாட்டு உறவினர் கேட்கிறார்கள். செய்யலாமா?

காட்டலாம், பொதுவில் வேண்டாம். பிள்ளையின் பெயர், வயது, வீட்டு முகப்பு, பாடசாலை நண்பிகள் எல்லாமே ஒரே காணொளியில் இருக்கின்றன. ட்ரோன் படம் எடுத்திருந்தால் வீட்டுக்கு வழியும் இருக்கிறது. அந்தப் படம் பத்து வருடம் கழித்தும் தேடினால் வரும். அவளுக்குப் பதினெட்டு வயதானபோது அது அங்கே இருக்க வேண்டுமா என்பதை அவளிடம் இப்போதே கேட்பது நல்லது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் அபிப்பிராயம் உண்டு.

குடும்பத்துக்கு மட்டும் காட்ட வட்ஸ்அப் குழு காணொளி அழைப்புப் போதும். கூட ஆட்கள் என்றால் யூடியூப்பில் அன்லிஸ்டட் நேரலை. இணைப்பு உள்ளவர் மட்டுமே பார்க்கலாம். இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். போனிலிருந்து யூடியூப் நேரலை போக சனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும். முதல் தடவை அனுமதி கிடைக்க 24 மணித்தியாலம்வரை ஆகும். விழாவன்று காலையில் சனல் தொடங்குபவர்கள் தோற்பது இதனால்தான். அடுத்தது, மண்டபத்தில் ஓடும் சினிமாப் பாட்டு. பதிப்புரிமை காரணமாக நேரலை இடையில் நின்றுபோகும், அல்லது பிறகு பார்ப்பவருக்கு ஒலி இல்லாமல் போகும். நாதஸ்வரக்காரர் நேரில் வாசித்தால் இந்தச் சிக்கல் குறைவு.

அந்தரங்கப் படத்தை வைத்து ஒருவர் மிரட்டுகிறார். என்ன செய்வது?

காசு கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம்தான் திரும்பக் கேட்பார்கள். உரையாடலையும் கணக்கையும் அழித்துவிடாதீர்கள், அதுவே சான்று. மிரட்டல் செய்தி, கணக்கின் பெயர், இணைப்பு, காசு அனுப்பச் சொன்ன வங்கிக் கணக்கு இலக்கம், திகதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷொட் எல்லாவற்றையும் எடுத்து, நம்பகமான இன்னொருவரின் போனிலும் ஒரு பிரதி வையுங்கள். அதற்குப் பிறகு புளொக் செய்யுங்கள்.

பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் ஸ்டொப் என்.சி.ஐ.ஐ. டொட் ஓ.ஆர்.ஜி. (StopNCII.org) என்ற தளத்துக்குப் போகலாம். 2021 முதல் இயங்கும் இது உங்கள் படத்தை வாங்குவதில்லை. போனிலேயே படத்துக்கு ஓர் இலக்கக் கைரேகை செய்து அதை மட்டுமே எடுக்கிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் போன்ற, இதில் சேர்ந்த தளங்களில் அதே படம் ஏற்றப்பட்டால் பிடிபடும். சேராத தளங்களில் இது உதவாது. பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவருக்கு டேக் இட் டவுன் என்ற இதே போன்ற சேவை உண்டு.

முறையிட: இலங்கை கணினி அவசர நிலைப் பிரிவு 101, பொலிஸ் அவசரம் 119, சிறுவர் என்றால் 1929, பெண்கள் உதவிக்கு 1938. பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பணியகத்தைக் கேட்டுப் போகலாம். கணக்கை உடைத்துப் படம் எடுத்திருந்தால் 2007 இன் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் பொருந்தும். அந்தரங்க விபரத்தைப் பரப்பித் துன்புறுத்தினால் 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் உண்டு. மனம் தாங்கவில்லை என்றால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலவச எண்.

வீட்டுக்காரருக்கு ஒன்று: பிள்ளை வந்து சொன்ன முதல் பத்து நிமிடத்தில் ஏசினால் இரண்டாவது தடவை சொல்லாது. மிரட்டுபவன் நம்பியிருப்பதே அந்த ஏச்சைத்தான்.

உப்புவெளியில் கெஸ்ட் ஹவுஸ், நிலாவெளியில் படகு. சமூக ஊடகத்தால் வியாபாரம் வருமா?

வரும். கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. வெளிநாட்டவர் மாதங்களுக்கு முன்பே திட்டமிடுவதால் பெப்ரவரியிலேயே பக்கத்தைப் புதுப்பியுங்கள். சீசன் நடுவில் போடும் படம் அடுத்த வருடத்துக்குத்தான் உதவும். உள்நாட்டுப் பயணிகளில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வருபவர்கள்; சிங்களத்தில் நான்கு வரி எழுதாத பக்கம் பாதிச் சந்தையை விட்டுவிடுகிறது. புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா, நுழைவுச் சீட்டு தனி. உங்கள் படகு விலையில் அது சேர்ந்ததா இல்லையா, வெளிநாட்டவருக்கு எவ்வளவு என்பதைப் பதிவிலேயே எழுதாவிட்டால் கரையில் வாய்த்தகராறு, பிறகு ஒரு நட்சத்திர விமர்சனம்.

வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் கெட்டலொக் போட்டு, அறை, படகு, விலையைப் படத்தோடு வையுங்கள். கடலில் நிற்கும் நேரத்துக்கு எவே மெசேஜ் எழுதுங்கள். பேஸ்புக் பக்கத்துக்குக் கட்டாயம் இரண்டு அட்மின் வேண்டும். பக்கத்தைத் தொடங்கித் தந்த பொடியன் வெளிநாடு போனதும் பக்கமும் கூடவே போய்விடுவது ஊரில் சாதாரணம்.

முற்பணத்தில் கவனம். வங்கிச் சீட்டின் ஸ்கிரீன்ஷொட் பணம் வந்ததற்குச் சான்றல்ல. ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். செஃப்ட் முறையில் அனுப்பிய காசு உடனே கணக்கில் தெரியும். ஸ்லிப்ஸ் முறை என்றால் பிந்தும். இரண்டிலும், உங்கள் கணக்கில் தெரிந்த பிறகே அறை உறுதி. “கூடப் போட்டிட்டன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கோ” என்பவர் அநேகமாக எதுவும் போட்டிருக்கமாட்டார்.

டெலிகிராமில் லைக் போட்டால் காசு தருகிறார்களாம், வெளிநாட்டு வேலையும் இருக்கிறதாம்?

லைக் வேலையில் முதல் நாள் சில நூறு ரூபா உண்மையாகவே வரும். அது தூண்டிலில் கோத்த இரை. அடுத்து “பெரிய டாஸ்க்” என்று முதலில் காசு கட்டச் சொல்வார்கள், எடுக்கப் போனால் வரி, கட்டணம் என்று மேலும் கேட்பார்கள். இதைவிட மோசம், உங்கள் வங்கிக் கணக்கைப் பாவிக்கத் தரச் சொல்வது. ஏமாந்தவர்களின் காசு அதனூடாகப் போகும். பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரரை. ஆள் சேர்த்தால் பங்கு என்ற திட்டம் பிரமிட். 1988 இன் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு அதைத் தடைசெய்கிறது. மச்சானைச் சேர்த்துவிட்டவரும் அதற்குள் வருவார்.

வெளிநாட்டு வேலைக்கு 1989 ஐ அழைத்து, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: முகவருக்கு இன்று செல்லுபடியான அனுமதிப்பத்திரம் உண்டா? இந்த வேலைக்கு, இந்த நாட்டுக்கு அவர் அனுமதி எடுத்திருக்கிறாரா? முதலாவதை மட்டும் கேட்டுவிட்டுக் காசு கட்டியவர்கள் பலர். “விசிட் விசாவில் போங்கோ, அங்க மாத்தலாம்” என்றால் அதோடு கதையை முடித்துக்கொள்ளுங்கள். கணினி வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்து, மியன்மாரின் மியாவடிப் பக்க மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டவர்களில் இலங்கையரும் இருந்தார்கள்.

முகம் பார்க்காத வெளிநாட்டு நண்பர் பொதி அனுப்பினார், சுங்கத்தில் நிற்கிறது, காசு கட்ட வேண்டுமாம்.

பொதி இல்லை. நண்பரும் இல்லை.

புயல், சுனாமி என்று வரும் செய்திகளை எப்படிச் சரிபார்ப்பது?

2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தபோது சமூக ஊடகம் நல்லதும் செய்தது, கெட்டதும் செய்தது. எந்த வீதியில் மரம் விழுந்தது, எந்தப் பாடசாலை திறந்திருக்கிறது என்பவை குழுக்களில்தான் வேகமாக வரும். அதே குழுக்களில்தான் வேறு வருடத்து, வேறு நாட்டு வெள்ளப் படங்களும் வரும்.

செய்தியில் மூன்றைப் பாருங்கள்: திகதி, வெளியிட்ட நேரம், வெளியிட்டவர். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் மூன்றும் இருக்கும். “அவசரம், எல்லாருக்கும் பகிரவும்” என்பதில் ஒன்றும் இருக்காது. வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஐந்து கைக்கு மேல் மாறி வந்தது. அதை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். சந்தேகமென்றால் 117, இடர் முகாமைத்துவ நிலையம். கண்டிக் கலவரத்தின்போது 2018 மார்ச்சிலும், உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் நாட்டில் சமூக ஊடகம் முடக்கப்பட்டது. ஆகவே அத்தியாவசியமான பத்து எண்களைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள். சாதாரண அழைப்புக்கு வட்ஸ்அப் தேவையில்லை.

ஒரு பதிவைப் பகிர்ந்ததற்காகக் கைதாகலாமா?

ஆகலாம், ஆகியும் இருக்கிறார்கள். 1979 இன் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பேஸ்புக் பதிவுக்காகத் தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்ட சம்பவங்கள் வடக்கு கிழக்கில் உண்டு. 2007 இன் 56 ஆம் இலக்கச் சட்டம் இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. அதில் மேல் நீதிமன்றமே பிணை கொடுக்கலாம். எழுதியவர் வேறு, பகிர்ந்தவர் வேறு என்று விசாரணை பிரித்துப் பார்க்கும் என எண்ண வேண்டாம். இந்தச் சட்டங்கள் பாவிக்கப்படும் விதம் நியாயமா என்பது வேறு விவாதம், நடப்பு இதுதான்.

விசாரணைக்கு அழைத்தால் தனியே போகாதீர்கள், சட்டத்தரணியோடு போங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் எண் 1996, திருகோணமலையிலும் அதன் பிராந்திய அலுவலகம் உண்டு.

பிள்ளைக்கு எந்த வயதில் கொடுக்கலாம்?

பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் மூன்றிலும் கணக்குக்கு 13 வயது வேண்டும். அவுஸ்திரேலியா 2025 டிசம்பரில் அதை 16 ஆக உயர்த்தியது. நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் பதின்ம வயதினருக்கு மனச்சோர்வு, பதற்றத்துக்கான ஆபத்து இரட்டிப்பு என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைவரின் 2023 அறிவுறுத்தல் சொன்னது. எது காரணம், எது விளைவு என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் தொடர்ந்தாலும் நித்திரைக் குறைவு விடயத்தில் பெரிய வாதமில்லை.

பாடசாலையும் ரியூசனும் வீட்டுவேலையை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது “போனே கூடாது” என்பது நடவாத காரியம். அம்மாவின் போனில் அம்மாவின் எண்ணோடு வகுப்புக் குழு இருக்கட்டும். பிள்ளையின் அன்ட்ரொய்டில் ஃபெமிலி லிங் போட்டால் நேர எல்லை வைக்கலாம், செயலி இறக்க அனுமதி உங்களிடம் வரும். ஆசிரியருக்கு: குழுவை அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிட்டால் இரவு பதினொரு மணி ஸ்டிக்கர் சண்டை இல்லை.

இரவில் கையை எடுக்க முடியவில்லை. எப்படிக் குறைப்பது?

மன உறுதியை நம்பாதீர்கள். முடிவு என்ற ஒன்று வராதபடி வடிவமைத்த திரையோடு போட்டி போடுகிறீர்கள். வழியில் தடை போடுவதே பலிக்கும். சார்ஜரைப் படுக்கை அறைக்கு வெளியே வையுங்கள். அலாரத்துக்கு ஒரு சின்ன மணிக்கூடு வாங்குங்கள், இல்லாவிட்டால் போன் திரும்பத் தலையணைக்கு வரும். ஆட்கள் அனுப்பும் செய்திக்கு மட்டும் நோட்டிஃபிகேஷன், மற்ற எல்லாவற்றுக்கும் நிறுத்தம். அன்ட்ரொய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்பவற்றில் செயலிக்கு நாளாந்த எல்லை வைக்கலாம். ஐபோனில் அதன் கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவர் வைக்காவிட்டால் அது வெறும் அலங்காரம். பேஸ்புக் செயலியை அழித்து புரௌசரில் மட்டும் பாவிப்பது பலருக்கு வேலை செய்கிறது. ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் இட வேண்டும் என்ற சோம்பலே பாதுகாப்பு.

சொந்தக்காரர் குழுவிலிருந்து மனம் நோகாமல் விலக முடியுமா?

விலகினால் அட்மினுக்கு மட்டுமே அறிவிப்புப் போகும். அட்மின் பெரியப்பா என்றால் விலகாதீர்கள்: மியூட் ஓல்வேஸ் போட்டு ஆர்கைவ் செய்யுங்கள். முன்பின் தெரியாதவர் உங்களைக் குழுக்களில் சேர்க்காமலிருக்க, பிரைவசி, குரூப்ஸ், மை கொன்டக்ட்ஸ்.

மரண அறிவித்தலை எப்போது போடுவது?

வெளிநாட்டில் உள்ள பிள்ளை, சகோதரம் எல்லோருக்கும் அழைப்பு எடுத்து முடித்த பிறகு. ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள், அவர் சொல்லும்வரை யாரும் “ஆழ்ந்த இரங்கல்” போடக்கூடாது. வேலையிடத்தில் பேஸ்புக்கைத் திறந்து தகப்பனின் மரணத்தை அறிவது மிகக் கொடுமை. இறந்தவரின் பேஸ்புக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றலாம், மரணச் சான்று கேட்பார்கள். உயிரோடிருக்கும்போதே லெகசி கொன்டக்ட் நியமித்திருந்தால் அவர் அதைப் பராமரிக்கலாம்.

முழுதாக விட்டுவிட நினைக்கிறேன். எப்படி?

டீஅக்டிவேட் என்பது மறைப்பு மட்டும். திரும்ப உள்நுழைந்தால் எல்லாம் அப்படியே இருக்கும். டிலீட் என்பது அழிப்பு. பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் ஒரு தடவை உள்நுழைந்தாலும் அழிப்பை இரத்துச் செய்யலாம். அழிக்க முன் டவுன்லோட் யுவர் இன்ஃபர்மேஷன் மூலம் படங்களை எடுங்கள். பெரிய கணக்கென்றால் கோப்புத் தயாராக நேரமெடுக்கும், வைஃபை உள்ள இடத்தில் இறக்குங்கள். வியாபாரப் பக்கம் இருந்தால் அட்மினை மாற்றிவிடுங்கள். பேஸ்புக் மூலம் உள்நுழையும் வேறு செயலிகள் இருந்தால் அவற்றுக்குத் தனிக் கடவுச்சொல் வையுங்கள், இல்லாவிட்டால் அவையும் பூட்டிப்போகும். மெசெஞ்சரில் நீங்கள் அனுப்பிய செய்திகள் மற்றவரின் பெட்டியில் தொடர்ந்தும் இருக்கும்.

வட்ஸ்அப் வேறு மாதிரி: போனிலிருந்து செயலியை நீக்குவதால் கணக்கு அழியாது. எக்கவுண்ட் பகுதியில் டிலீட் எக்கவுண்ட் கொடுக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் விட்டால், இணையத்தோடு இணையாத 120 நாளுக்குப் பிறகு பொதுவாக அதுவே அழிக்கப்படும்.